பூட்டாத கதவு

"தேய்ஞ்சு போச்சு மேடம். பாருங்க, ஒரு பல்லுகூட ஒழுங்கா இல்ல" என்று பூட்டுக்காரன் நெவில், பூட்டுக்குள் பொருத்தும் ஒரு கியர்பாக்ஸைத் தூக்கிக் காட்டினான்.

வாசலில் நின்ற ஜூடித் அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? வேலிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது. பச்சைப் பொய்.

அது இருபது வருஷத்துப் பழைய சாமான். அந்த வீட்டு ரெட்டைக் கண்ணாடிக் கதவுக்கு வயது ஆறு. ரோதர்ஹாமில் கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் காதில் பூச் சுற்ற முடியுமா?

ஜூடித்தின் அம்மா ஈனிட் என் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். எட்டு மாதம் முன்பு புருஷன் வில்ஃப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் வாசல்படி தாண்டுவதில்லை. சாமானெல்லாம் வேனில் வந்து இறங்கும். புதன்கிழமை சர்ச் ஹால் டீக்குக்கூட வருவதில்லை. நானும் தனிக்கட்டைதான், நான் போகவில்லையா? கர்வம் பிடித்தவள் என்று முடிவு கட்டியிருந்தேன்.

போதாக்குறைக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியைத் தரதரவென்று இழுப்பாள். நான் சுவரில் ரெண்டு தட்டு தட்டுவேன். எட்டு மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நடந்த பேச்சு அவ்வளவுதான்.

"அப்போ பூட்டுலதான் கோளாறா?" ஜூடித்துக்கு நம்பிக்கை வரவில்லை. "மூணு தடவை லீட்ஸ்லேர்ந்து வந்தேன். மூணு தடவையும் கதவு பூட்டாம கிடந்துச்சு. நான் பூட்டினா டக்குன்னு பூட்டுது. அம்மாவைக் கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறாங்க. அவங்களுக்குத்தான் மூளை..."

முடிக்கவில்லை. கையில் முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகம். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

ஈனிட் அவள் பின்னால் டீத் தட்டோடு தரையைப் பார்த்து நின்றாள்.

"இந்த மாதிரிப் பூட்டு அப்படித்தான் மேடம். ஒருத்தர் கைக்கு மசியும், இன்னொருத்தர் கைக்கு மக்கர் பண்ணும். பூட்டு தேய்ஞ்சா ஆளுக்கா பைத்தியம்னு பேர் வைக்கிறது? இப்போ புதுசு போட்டாச்சு. அம்மாவையே பூட்டச் சொல்லுங்க."

ஈனிட் தட்டை வைத்துவிட்டு வந்தாள். கைப்பிடியை மெல்ல மேலே தூக்கினாள். சாவியைத் திருப்பினாள்.

க்ளக்.

"பூட்டிருச்சு ஜூடித்!"

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை முகம்.

ஜூடித் அந்தப் புத்தகத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தாள். "தப்பா நினைச்சுட்டேம்மா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

காசு பிடுங்கத்தான் இந்தப் பொய் என்று நினைத்தேன். ஆம்பளை இல்லாத வீட்டுக் கிழவி என்றால் எவ்வளவு இளக்காரம்! கத்தரியைப் போட்டுவிட்டு நெவிலின் வேன் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்பா, அந்தக் கியர்பாக்ஸ் இந்தக் கதவோடது இல்லையே?"

நெவில் சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? என் வேன்ல கிடந்த ஓட்டைச் சாமான் அது. இந்தக் கதவுப் பூட்டு கல்லு மாதிரி இருக்கு. நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடல. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், அதோட சரி. வேற எதுவும் வாங்கல."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"கைப்பிடியை மேல தூக்கிட்டுத்தான் சாவியைத் திருப்பணும்னு அந்தம்மாவுக்குத் தெரியாது சார்."

எங்கள் ஊரில் யாரும் அதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கை தானாகத் தூக்கும். தூக்குகிறோம் என்பதே தெரியாமல் தூக்குவோம்.

"இந்தக் கதவு போட்ட நாள்லேர்ந்து வீட்டுக்காரர்தான் பூட்டுவாராம். அவர் போனப்புறம் இவங்களுக்குப் பிடிபடல. இதுகூடத் தெரியலயான்னு பொண்ணு கொண்டுபோய் ஹோம்ல விட்டுருவாளோன்னு பயம். பூட்டாம எப்படி வெளிய போறது? எட்டு மாசமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்திருக்காங்க. பூட்டு கெட்டுப்போயிருக்கணும் கடவுளேன்னு வேண்டிக்கிட்டே என்னைக் கூப்பிட்டிருக்காங்க சார். பொண்ணு வர்றதுக்குள்ள சொல்லிக் கொடுத்துட்டேன். ஒரு நிமிஷ வேலை."

"ஆனா... அந்த நாற்காலி..."

வாய் தவறி வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"ஆமா, சாயங்காலமானா கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டு, விடியற வரைக்கும் அதுலயே உட்கார்ந்திருப்பாங்களாம். பாவம்."

சுவரில் தட்டிய கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கதவுத் தொழில்லயே இருந்தவராம். 'நாற்காலிச் சத்தத்துக்கே சுவத்துல தட்டுறாரு, நிம்மதியா இருக்கிற மனுஷனைப் போய்த் தொந்தரவு பண்ணலாமா'ன்னாங்க."

வேனில் ஏறி உட்கார்ந்தவன் கண்ணாடியை இறக்கினான்.

"நீங்க இந்தத் தெருதானே? அவரைத் தெரியுமா சார்?"

"தெரியாது" என்றேன்.