தண்ணீர் எடுத்துக் குடிக்காதவர்

கல்லீரல் கெட்டு, வயிறு பானையாய் வீங்கிக் கிடந்தார் மாசிலாமணி. அவருக்குப் பணிவிடை தேவையா என்று பார்க்க அரசாங்கம் அனுப்பிய ரோபோ இயந்திரம் மகள் கயல்விழியிடம் கேட்டது.

"தானாகத் தண்ணீர் எடுத்துக் குடிக்க இவரால் முடியாதது எப்போதிலிருந்து?"

"அம்மாவைக் கல்யாணம் பண்ண நாள்லேருந்து. சோறுகூடப் போட்டுக்க மாட்டாரு. துண்டு எடுத்துத் தர நேரமானா அம்மாவுக்கு அடி விழும்."

"உடம்பு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுடி" என்று முனகினார் மாசிலாமணி. கயல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நோயல்ல, பழக்கம். பணிவிடை கிடையாது, பயிற்சி உண்டு" என்று பதிந்துகொண்ட இயந்திரம், அவர் எதிரே தண்ணீர்ச் சொம்பை வைத்தது. "எடுங்கள்."

நடுங்கும் கையிலிருந்து சொம்பு நழுவி உருண்டது. மூலையிலிருந்து பதறி எழுந்த அம்மாவைத் தோளை அழுத்தி உட்கார வைத்தாள் கயல்விழி.

"நீ உக்காரும்மா. தாகம் எடுத்தா தானா கத்துக்குவாரு."