பொண்ணு மட்டும் போதும்

“கிரெடிட் ஸ்கோர் இறங்கிரும் மேடம், சொன்னா கேளுங்க,” என்றார் தென்காசி வங்கிக் கிளையின் கார்டு அதிகாரி ஜெபஸ்டின்.

“இறங்கட்டும் சார்.” கான்ஸ்டபிள் செண்பகவல்லி தன் மூன்று கிரெடிட் கார்டுகளில் இரண்டை அவர் பக்கம் தள்ளினாள். “இந்த ரெண்டையும் மூடிருங்க.”

“பாக்கியே இல்லாத ரெண்டையும் மூடிட்டு, லிமிட் முட்டச் செலவழிச்ச ஒண்ணை மட்டும் யாராவது வச்சிக்கிடுவாங்களா? கடன்ல முங்கிக் கெடக்க மாதிரில்லா காட்டும்! பெறவு பெரிய லோன் எதுவும் கெடைக்காது.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

“அப்ப இப்பவே மூடுங்க.”

ஜெபஸ்டினுக்கு எரிச்சல் வந்தது. “கல்யாணம் கூடி வருதுன்னு சொன்னீங்களே, செலவுக்கு என்ன செய்வீங்க?”

“ஒரு செலவும் இல்ல சார். நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்னுட்டாங்க.”

“இந்தக் காலத்துல இப்படியும் ஒரு குடும்பமா!” ஜெபஸ்டின் நெகிழ்ந்து போனார்.

அப்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, மாப்பிள்ளையோட அப்பா பேசுதேன். ஒன் ஸ்கோரை இன்னும் அனுப்பலியே? கல்யாணம் முடிஞ்ச கையோட ஒம்பேர்ல லோன் போட்டுக் குத்தாலத்துல லாட்ஜ் கட்டணும்லா?”

“அடுத்த மாசம் அனுப்புதேன் மாமா. அதைப் பாத்த பெறவும் பொண்ணு மட்டும் போதும்னா, நிச்சயதாம்பூலம் மாத்துவோம்.”

ஜெபஸ்டின் மேசை டிராயரைத் திறந்து, கார்டுகளை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார்.