தைமியின் மூச்சுக்குறி

ஃபின்லாந்தின் கூஹ்மோ ஊர் சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரலுக்கு இரண்டே பேர், ரௌனியும் தைமியும். ஈஸ்டருக்குப் பாடவிருந்த ஃபின்னியப் பாட்டில் முடிவே இல்லாததுபோல் ஒரு சுரம் வரும். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் இழுத்துப் பிடிப்பாள். வாங்க வேண்டிய இடத்தை அவரவர் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பிப்ரவரியில் தைமி இறந்துபோனாள். நூலகத்துக்குத் திருப்பித் தருவதற்காக அவள் தாளிலிருந்த குறிகளை ரௌனியே ரப்பரால் அழித்தாள்.

"ஒத்த ஆளா எப்படிங்க? அந்த இடம் அறுந்துடும். பாட்டையே விட்டுடலாம்" என்றார் குழுவை நடத்தும் ஒஸ்மோ.

"ஒரு தடவை பாடிட்டு விடுங்களேன்" என்றாள் ரௌனி.

பாடினார்கள். ரௌனி தன் குறி வந்ததும் மூச்சு வாங்கினாள். சுரம் அறுபடவில்லை.

"நுரையீரலா, இல்ல துருத்தியா வெச்சிருக்கீங்க?" என்று ஒஸ்மோ சிரித்தார்.

காப்பி இடைவேளையில் ரௌனி ஏலக்காய் பன்னைத் தொடவில்லை. இன்னும் திருப்பித் தராமல் வைத்திருந்த தைமியின் தாளை எடுத்துப் பார்த்தாள். சுரம் முடியும் தறுவாயில், தைமிக்கு எப்போதும் மூச்சு முட்டும் இடத்தில், பென்சிலால் ஒரு குறி இருந்தது.

மறுபடி பாடியபோது அந்த இடத்தில் ரௌனிக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் காலி நாற்காலியில் யாரோ நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டார்கள்.