கண்ணால் பார்த்த சாட்சி

"குடிகாரனுக்குத்தான் இந்த வியாதி வரும். என்கிட்டயே இத்தனை நாள் கதை விட்டிருக்கான்!"

ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டு பொருமினார் டிக்கெட் பரிசோதகர். உள்ளே படுத்திருப்பது அவருடைய தங்கை கணவன், லிஃப்ட் மெக்கானிக். நேற்றுக் காலையில் பல் தேய்க்கும்போது குபுக்கென்று ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறான்.

பரிசோதகருக்குப் பிறவியிலேயே சந்தேகம். உத்தியோகமும் அதற்கேற்ப அமைந்துவிட்டது. தூங்குகிற பயணியைக்கூட, நடிக்கிறானோ என்று குனிந்து பார்ப்பார்.

மாப்பிள்ளை மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். சாயங்காலமானால் சுருண்டு படுத்துவிடுகிறான், கை நடுங்குகிறது, வாயில் எப்போதும் ஏலக்காய். இதற்கெல்லாம் வேறு என்ன அர்த்தம்? ஒருமுறை கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். கிரீஸ் வாடைதான் வந்தது. டூல்ஸ் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஸ்பானர்தான் விழுந்தது. கண்ணால் பார்த்த சாட்சி ஒன்றுதான் இல்லை.

அந்தக் குறையும் இன்று காலையில் தீர்ந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, அவனுடைய அம்மா இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டார். "உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. குடிச்சீங்களா இல்லையா?"

"ஆமா மச்சான், குடிச்சேன்" என்றான் பளிச்சென்று.

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. இத்தனை வருஷ சர்வீஸில், கேட்ட உடனே ஒத்துக்கொண்ட ஆளை அவர் பார்த்ததே இல்லை. கையும் களவுமாகப் பிடித்தால்கூட டிக்கெட் ஜன்னல் வழியாகப் பறந்துபோச்சு என்பான். இவன் ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறான்?

"வீட்டு ஆள் ஒருத்தர் வாங்க" என்று கூப்பிட்டார்கள். தங்கை எழுந்திருப்பதற்குள் இவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

மயக்க மருந்தில் கிடந்தான் மாப்பிள்ளை. வாய் வழியாக ஸ்கேன் குழாய். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புக் கறுப்பாய் ஓட்டைகள்.

"இதெல்லாம் உணவுக்குழாய்ல வீங்கிப்போன ரத்தக் குழாய்ங்க" என்றாள் டாக்டரம்மா. "கல்லீரல் இறுகிப்போச்சு. ரத்தம் அதுக்குள்ள போக வழியில்லாம திரும்பி இங்கே வந்து முட்டுது. இப்ப பாருங்க." ஒரு பொத்தானை அழுத்தினாள். ஓட்டைகளுக்குள் சிவப்பும் நீலமும் குபுகுபுவென்று துடித்தன. "சிவப்பு நம்ம பக்கம் வர்ற ரத்தம். நீலம் விலகிப் போறது. இந்தப் பெரிசை இன்னிக்கே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிடணும். மறுபடி வெடிச்சா ஆள் தாங்க மாட்டார்."

பரிசோதகர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "எவ்வளவு குடிச்சிருப்பான்னு இதுல தெரியுமா டாக்டர்?"

டாக்டரம்மா ஒரு மாதிரி பார்த்தாள். "ரத்தம் எங்கே ஓடுதுன்னுதான் இதுல தெரியும். காரணத்தை அவர்கிட்ட கேட்டுக்குங்க."

இவளும் மழுப்புகிறாளே! எல்லாரும் கூட்டுக் களவாணிகளா?

வெளியே வந்ததும் தங்கையைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"கட்டு போட்டு வீட்டுக்கு வந்ததும், பசங்களைக் கூட்டிக்கிட்டு என்னோட கிளம்பு. குடிகாரனோட நீ சீரழிஞ்சது போதும்."

"மெதுவாப் பேசுண்ணா. அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை."

"அவனே ஒத்துக்கிட்டான்!"

"அத்தை பக்கத்துல இருந்தாங்க. அதான் ஒத்துக்கிட்டார்."

"அத்தை இருந்தா என்ன?"

"இது மஞ்சள் காமாலைக் கிருமிண்ணா. போன வருஷமே தெரிஞ்சுபோச்சு. அவர் பிறக்கும்போதே அத்தைகிட்டேயிருந்து ஒட்டிக்கிட்டது. உள்ளேயே இருந்து ஈரலைத் தின்னிருக்கு. எனக்கும் பசங்களுக்கும் ஒட்டலை, ஊசி போட்டாச்சு. அத்தைக்குச் சர்க்கரை டெஸ்ட்னு சொல்லித்தான் ரத்தம் எடுத்தோம். கிருமி இருக்கு, ஆனா அவங்களை ஒண்ணும் பண்ணலை. டாக்டரம்மா பார்த்துக்கறாங்க. அவங்களுக்கு இருக்கறது ஒரே பிள்ளைண்ணா. 'குடிகாரன்னா அம்மா என்னைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா உயிரை விட்டுடுவாங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்."

பரிசோதகருக்கு மோந்து பார்த்த சட்டை ஞாபகம் வந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

திரும்பினால், மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவரிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும். போன வருஷம் எதுக்கு என் ரத்தத்தையும் எடுத்தாங்க? சர்க்கரைக்குன்னு இவ சொல்றா. அப்புறம் ஆளாளுக்குக் குசுகுசுன்னு பேசறாங்க, நான் போனா நிறுத்திடறாங்க. என்கிட்டேயிருந்து ஏதாவது அவனுக்கு வந்துடுச்சா தம்பி?"

"ஐயோ, அதெல்லாம் இல்லை அத்தை."

"அவனைப் பெத்தவ நான். குடிச்சிட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்ததில்லை. இன்னிக்குக் கேட்டதும் ஆமாங்கறான். எனக்கு நம்பிக்கை இல்லை." அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யார் முகத்துக்காகவும் பேச மாட்டீங்க. ஊருக்கே தெரியும். சொல்லுங்க, அவன் குடிச்சதை யாராவது பார்த்திருக்காங்களா?"

தங்கை அண்ணனையே பார்த்தாள்.

பரிசோதகர் நிமிர்ந்து நின்றார்.

"நானே பார்த்தேன் அத்தை. ஒரு தடவை இல்லை, பல தடவை. இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."