மூடி வைத்த தண்ணீர்

“எல்லாம் என்னாலதான் மேடம். மன்னிச்சிடுங்க.”

தஞ்சாவூரில் என் ஆய்வகத்துக்கே வந்து கைகூப்பி நின்றார் தியாகேசன். வலங்கைமான் பக்கம் ஒரு குளத்தங்கரையில் செப்புப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தவர். போன மாதம் அதை மூடிவிட்டார்கள். மூட வைத்தது என் அறிக்கை.

அந்தக் குளத்தில் விஷப்பாசி மண்டிவிட்டது. அதைத் தாக்கி அழிக்கும் வைரஸ் மற்ற குளங்களில் நிறைய இருந்தது. இவர் குளத்துத் தண்ணீரில் மட்டும் அது செயலிழந்து கிடந்தது. தண்ணீரில் செம்பும் கலந்திருந்தது. பட்டறைக் கழிவுதான் காரணம் என்று எழுதினேன்.

“விடுங்க. வேணும்னா செஞ்சீங்க?” என்றேன் பெருந்தன்மையாக.

“தனியா குழி வெட்டித்தாங்க கழிவை விட்டேன். குளத்துக்கு எப்படிப் போச்சுன்னே தெரியல.”

பையிலிருந்து பளபளக்கும் செப்புக்குடம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது நீங்களே வச்சுக்குங்க மேடம். உங்களுக்கு வாராவாரம் தண்ணி புடிச்சு வச்ச குடம்.”

“குடத்துலயா? நான் பாட்டில்தானே அனுப்பினேன்?”

“காலையில பஸ்ஸுலதானே குடுத்து அனுப்பணும்? ராத்திரி பூரா பிளாஸ்டிக்ல கெடந்தா தண்ணி கெட்டுடும்ல. அதான் இதுல மூடி வச்சு, காலையில பாட்டில்ல ஊத்திக் குடுப்பேன்.”

செப்புக்குடத்தில் ஓர் இரவு கிடந்தால் எந்த வைரஸ் தாங்கும்?

குடத்துக்குப் பக்கத்தில் என் அறிக்கை திறந்து கிடந்தது. அதன் முதல் வரி: ‘மாதிரிகள் அனைத்தையும் நானே நேரில் சென்று சேகரித்தேன்.’

அந்தக் குளத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.