ஹெல்கா பேசும் சுவர்

மன்னாரில் மரியசீலியின் வீட்டுக்கு ஹெல்காவின் மகள் சிக்ரிட் ஒரு மத்தியானம் வந்தாள்.

ஹெல்கா தொலைதூரத்துப் பணக்காரக் குட்டி நாடொன்றின் ஆசிரியை. அந்த நாடு வெளிநாட்டு உதவியை வருஷாவருஷம் குறைத்து, கடைசியில் அதைக் குடிமக்களிடமே விட்டுவிட்டது. ஓர் ஆளுக்கு ஒரு குடும்பம். கொடுப்பவர் வாராவாரம் அந்தக் குடும்பத்தின் வீட்டுச் சுவர்த்திரையில் தோன்றிப் பேசவேண்டும். பேச்சு நின்றால் உதவியும் நிற்கும். ஹெல்கா இறந்து ஒன்பது வருஷமாகியும், அவளுடைய நினைவுகளைக் கொண்டு அரசு உண்டாக்கிய உருவம் பேசிக்கொண்டிருந்தது. அவள் தயவில்தான் மரியசீலியின் கணவர் சவிரியானுக்கு வீட்டிலேயே இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓடியது.

சிக்ரிட்டின் காதுக்கருவி மொழிபெயர்த்தது. “உருவத்தை நிறுத்தும் இந்தப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்டால் அம்மா ஓய்வெடுப்பார்.”

“போட்டா இவர் எத்தனை நாள் இருப்பார், பிள்ளை?” என்றாள் மரியசீலி.

அப்போது திரை வெளிச்சமானது.

“மரியசீலி, சவிரியான் சாப்பிட்டாரா?” என்றாள் ஹெல்கா.

“அம்மா,” என்றாள் சிக்ரிட்.

ஹெல்கா அவளை அன்போடு பார்த்தாள். “இது யார், உங்கள் சொந்தமா?”

சிக்ரிட்டின் முகம் வெளிறியது. உதவிக்குத் தேவையான நினைவுகளை மட்டுமே அரசு மிச்சம் வைத்திருந்தது.

மரியசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஓமம்மா, எங்கட பிள்ளைதான்.”

கையெழுத்தைப் பற்றி சிக்ரிட் பிறகு பேசவேயில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் பெயரை அம்மாவிடம் சொன்னாள்.