நாற்பது டம்ளர்

“அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?”

பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த வக்கீல் மகளை முறைத்தார். “பெரியவங்க பேசுறப்போ குறுக்க வராத!”

கூடம் நிறைய விருந்தாளிகள். சங்கத் தலைவர் முழங்கினார்: “வீட்டு வேலை செய்றவங்களுக்கும் வார லீவு வாங்கித் தந்த சிங்கம் இவரு!”

“அக்கா, சிங்கத்துக்கு இன்னொரு டீ!” என்றார் ஒருவர்.

தட்டோடு வந்த சமையல்கார அக்காவின் கண் கடிகாரத்தில் இருந்தது. விடுதியில் இருக்கும் மகனைப் பார்க்க ஐந்து மணி வரைதான் விடுவார்கள்.

“லீவு எந்தக் கிழமைண்ணே?” என்று கேட்டார் ஒரு விருந்தாளி.

“ஞாயிறு!” என்றார் வக்கீல் கம்பீரமாக.

“இன்னைக்குத்தானே ஞாயிறு?” என்றாள் மகள்.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்; எழுந்து அக்காவிடம் போனார்.

“தட்டை இப்படிக் குடுங்கக்கா. என் கார்ல கிளம்புங்க, அஞ்சுக்குள்ள போயிடலாம்.”

எல்லோரும் போனபின், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது டம்ளர்களையும் வக்கீலே கழுவிக் கவிழ்த்தார்.